மச்சான் கடைக்கு வந்த வண்டி

சொந்த மச்சான் மெக்கானிக்காக இருக்கும்போது, அவன் கடை வாசலைத் தாண்டிப் போய் இன்னொருத்தன் கடையில் வண்டியை நிறுத்துகிற மனுஷனை என்ன செய்வது? அக்காவுக்குக் கல்யாணம் ஆன கொஞ்ச நாளிலிருந்தே மெக்கானிக் இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டிருந்தான். இப்போது அவனுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. கேள்வி மட்டும் நரைக்கவில்லை.

அக்கா வீட்டுக்காரர் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். எல்லோருக்கும் அவர் ஊசிக்காரர்தான். தினமும் காலையில் அந்தத் தெரு வழியாகத்தான் பால் சங்கத்துக்குப் போவார். மச்சான் கடை வந்ததும் ஒரு ஹாரன் அடிப்பார், தலையை ஒரு ஆட்டு ஆட்டுவார், போய்விடுவார். ஆயில் மாற்றவேண்டுமென்றாலும் செயின் இறுக்கவேண்டுமென்றாலும் நேரே பாலத்தடியில் இருக்கிற இன்னொரு மெக்கானிக் கடைதான். ஹாரன் எனக்கு, வண்டி அவனுக்கு என்று மெக்கானிக் பொருமுவான். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் சும்மா இருப்பாரா? "உங்க அத்தான் போறார். எழுந்து நின்னு ஒரு கும்பிடாவது போடு. அதுக்காவது நீ ஆவே" என்பார். மெக்கானிக் கையில் இருக்கிற ஸ்பேனரைக் கொஞ்சம் சத்தமாகக் கீழே போடுவான். அதுதான் அவன் பதில்.

காரணம் கேட்டதில்லையா என்றால், கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம். உன் வேலை எனக்குப் பிடிக்கவில்லை என்று அந்த ஆள் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர்தான். மாட்டிடம் ஒரு நாளும் குரலை உயர்த்தாதவர், மனுஷர்களிடம் ஒரு நாளும் குரலைத் தாழ்த்தியதில்லை. தொழுவத்துக்குள் நுழையும்போது, "என்னம்மா, கொஞ்சம் பொறுத்துக்கோ, ஆச்சு ஆச்சு" என்று கொஞ்சிக்கொண்டே போவார். வெளியே வந்து கை கழுவத் தண்ணீர் வரக் கொஞ்சம் தாமதமானால் வீட்டுக்காரனை வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார். ஆட்களின் பேர் அவருக்கு நிற்காது. நெற்றியில் வெள்ளை விழுந்த மாட்டு வீடு, உதைக்கிற மாட்டு வீடு, மூன்று தடவை தங்காமல் நாலாவது தடவை தங்கிய மாட்டு வீடு, இப்படித்தான் அவருக்கு ஊர் முழுக்கத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்றுகூட அக்காவை விட்டுவிட்டு, கொல்லையில் கட்டியிருந்த பசுவைத்தான் அதிக நேரம் பார்த்தார் என்று அக்கா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

ஒரு கிடாரி இடுப்பில் உதைத்தது. எலும்பு கூடியது, இடது காலில் பலம் கூடவில்லை. வேலையை விடுங்கள் என்று அக்கா அழுதாள். அவர் விடவில்லை. கியரைக் கால் விரலால் தூக்க முடியாது என்பதால் குதிகாலால் அமுக்குகிற மாதிரி ஒரு கம்பி வைத்துக்கொண்டார். விந்துக் குச்சிகளை உறைய வைத்திருக்கும் நைட்ரஜன் கேனை நிமிர்த்தி வைக்க, பின்னால் இரும்புக் கூண்டு ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டார். இரண்டையும் செய்து கொடுத்தது யார்? பாலத்தடிக்காரன்தான். அந்தக் கம்பியைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் மெக்கானிக்கின் கண்ணில் தூசி விழுந்த மாதிரி இருக்கும். வெல்டிங் சுத்தமாக வேறு இருந்து தொலைத்தது.

அப்படிப்பட்டவர்தான் ஒரு நாள் உச்சி வெயிலில், சட்டை முதுகோடு ஒட்டிப்போய், காலை இழுத்து இழுத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு மச்சான் கடைக்குள்ளே வந்தார்.

மெக்கானிக் எழுந்திருக்கவில்லை. "என்ன அத்தான், வழி தவறிட்டீங்களா?"

"வழியெல்லாம் தெரியும். வண்டிதான் நின்னு போச்சு."

"பாலத்தடியில உங்க ஆள் கடை தொறக்கலையா?"

"அவன் பேச்சை எடுக்காதே. போன வருஷம்தான் பெட்ரோல் பம்பை மாத்தினான். டூப்ளிகேட்டைப் போட்டு ஏமாத்திட்டான். இப்போ மறுபடியும் அதே கதை. காலையில குளிர்ச்சியா இருக்கும்போது நல்லா ஓடுது. சூடேறினதும் இழுக்க மாட்டேங்குது, மேட்டுல ஏறும்போது பொசுக்குன்னு நின்னுடுது. போன வாரமே அவன் கடையில நாலு பேர் இருக்கும்போது நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டு வந்துட்டேன்."

மெக்கானிக்கின் காதில் தேன் பாய்ந்தது. ஆனால் ஊசிக்காரர் முகத்தைப் பார்த்ததும் அந்தத் தேன் பாதியிலேயே நின்றது. அவர் பெஞ்சில் உட்காரவில்லை. கேன் சாயாமல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"வண்டி நின்னு நின்னு நிறைய மாட்டுக்கு நேரம் தவறிடுச்சு. சங்கத்துச் செயலாளர் இன்னைக்குக் கூப்பிட்டுச் சொல்லிட்டார். இன்னும் ஒரு மாடு தவறினா என் ரவுண்டைப் புதுசா வந்தவனுக்குக் குடுத்துடுவாராம். செங்கல் சூளைக்காரம்மா மாடு பருவத்துக்கு வந்து காலையில இருந்து கத்துது. ரெண்டு பருவம் என்னாலதான் வீணாச்சு அந்தம்மாவுக்கு. பொழுது சாயறதுக்குள்ள ஊசி போட்டாகணும். விட்டா அடுத்த பருவம் வரைக்கும் காத்திருக்கணும். அதுவரைக்கும் நான் வேலையில இருக்க மாட்டேன்."

"என் வண்டியை எடுத்துட்டுப் போங்களேன்."

"அதுல கியரைப் பல்லால தூக்கவா? கேனை மடியில வச்சுக்கவா?"

"அப்போ நான் கொண்டு போய் விடறேன்."

"இன்னைக்கு நீ விடுவே. நாளைக்கு? நாளன்னைக்கு? மச்சான் முதுகுல தொத்திக்கிட்டு வரார்னு அதையும் செயலாளர்கிட்ட சொல்லுவாங்க. எனக்கு இந்த வண்டி ஓடணும். அவ்வளவுதான்."

மெக்கானிக் எழுந்தான். கைலியை மடித்துக் கட்டினான்.

இது இன்ஜெக்ஷன் வண்டி. இதில் பெட்ரோல் தானாக இறங்கிப் போகாது. டேங்குக்குள்ளேயே ஒரு சின்ன பம்ப் உட்கார்ந்திருக்கும். அதுதான் பெட்ரோலை அழுத்தி எஞ்சினுக்கு அனுப்பும். சாவியைத் திருப்பினதும் ஒரு மூச்சு நேரம் மெல்லிசாக 'ஙொய்ங்' என்று கேட்கும். மெக்கானிக் பஞ்சர் கடை கம்ப்ரசரை நிறுத்தச் சொல்லிவிட்டு, டேங்கின் மேல் காதை வைத்துச் சாவியைத் திருப்பினான். ஒரு சத்தமும் இல்லை. சீட்டுக்கு அடியில், பம்புக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற ரிலே மட்டும் 'டிக்' என்றது.

பம்ப் போச்சு என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பம்ப் வேலை செய்யவில்லை என்றால் பம்ப் கெட்டிருக்கவேண்டும் என்று இல்லை, கரண்ட் வராமலும் இருக்கலாம். இன்றைக்குத் தப்பாகக் கைவைக்க நேரம் கிடையாது. பியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தான், நன்றாக இருந்தது. டேங்குக்கு அடியில் பம்புக்குப் போகிற வயரின் இணைப்பைப் பிரித்து டெஸ்ட் லேம்பை வைத்தான். சாவியைத் திருப்பினதும் பளிச்சென்று எரிந்து அணைந்தது. கரண்ட் வாசல் வரைக்கும் வருகிறது, உள்ளே இருக்கிறவன்தான் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறான். இணைப்பை மாட்டிவிட்டு, ரப்பர் சுத்தியலால் டேங்கின் அடியில் இரண்டு தட்டு தட்டிச் சாவியைத் திருப்பினான். பம்ப் முனகிக்கொண்டே எழுந்தது.

"பார்த்தீங்களா, தூங்குமூஞ்சி. உதைச்சாத்தான் எழுந்திருக்கும்" என்றான்.

பெட்ரோல் குழாயில் அழுத்தமானியை மாட்டி எஞ்சினை ஓடவிட்டான். முள் நிற்கவேண்டிய இடத்துக்குப் பாதி வரைக்கும் ஏறி, நடுங்கி, மெல்லக் கீழே இறங்கியது. கூடவே எஞ்சினும் இருமி நின்றது. இனிச் சந்தேகம் இல்லை.

இதற்குள் அக்கா வந்துவிட்டாள். தெருவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார் என்று யாரோ சொல்ல, ஊசிக்காரர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்த கைத்தடியைக் கொண்டு வந்திருந்தாள். வண்டி நிற்கிற இடத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நான் தெரு மாறி வந்துட்டேனா? இது என் தம்பி கடைதானே?"

"வந்ததும் ஆரம்பிக்காதே. உட்காரு" என்றார் ஊசிக்காரர்.

"உட்கார்றேன். இந்தக் காட்சியை நின்னுக்கிட்டே பார்த்தா மயக்கம் வந்துடும்" என்று பழைய டயரின் மேல் உட்கார்ந்தாள்.

மெக்கானிக் குழாயில் மிச்சம் இருந்த அழுத்தத்தை வடித்துவிட்டு, டேங்கிலிருந்த பெட்ரோலை ஒரு டப்பாவில் இறக்கினான். ஒரு தண்ணீர் பாட்டில்கூட நிறையவில்லை. அப்போது அதை அவன் பெரிதாக நினைக்கவில்லை. டேங்கைத் தூக்கிப் பழைய மெத்தையின் மேல் கவிழ்த்தான். பம்பைப் பிடித்திருக்கும் தட்டின் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினான். ஒரே பக்கம் தளர்த்தினால் தட்டு கோணிக்கொள்ளும். பெட்ரோல் அளவு காட்டுகிற மிதவைக் கம்பி வளையாதபடி பம்பைச் சாய்த்து, குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுக்கிற மாதிரி வெளியே எடுத்தான்.

பம்பைத் துடைத்துக் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றி, டூப்ளிகேட்டைக் கண்டுபிடிக்கிற ஆவலோடு புரட்டினான். கம்பெனி முத்திரை இருந்தது. எண் இருந்தது. இன்னொரு தடவை புரட்டினான். வயர்களை மடித்துச் சொருகியிருந்த விதம், கிளிப் போட்டிருந்த விதம், எதிலும் குறை சொல்ல வழியில்லை. அவன் போட்டிருந்தால் எப்படிப் போட்டிருப்பானோ அப்படியே இருந்தது. அசல் பம்ப், சரியான வேலை. ஆனால் மோட்டாரின் பக்கத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறிக் காய்ந்து கிடந்தது. வயர் முனைகள் கருத்திருந்தன. சூட்டில் வெந்திருக்கிறது.

டார்ச்சை எடுத்து டேங்குக்குள் அடித்தான். உள்சுவரில், அடியிலிருந்து நாலு விரல் உயரத்துக்குத் தகரம் பளபளவென்று இருந்தது. அதற்கு மேலே முழுக்கத் துருப்புள்ளி. நடுவில், பெட்ரோல் நிற்கிற மட்டத்தில், கோடு போட்ட மாதிரி ஒரு எல்லை.

மெக்கானிக் டார்ச்சை அணைத்தான்.

"அத்தான், இந்த வண்டிக்கு டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டது எப்போ?"

"போட்டதில்லே."

"பாதி?"

"எதுக்குக் கேட்கிறே? அப்பப்போ கொஞ்சம் போட்டுக்குவேன். ரிசர்வ்ல ஓடும்."

"ஏன்?"

ஊசிக்காரர் கைத்தடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பின்னால கேன் கனம். ஒவ்வொரு தொழுவத்துலயும் வண்டியைச் சாய்க்கணும், நிமிர்த்தணும். இந்தக் கால் தாங்க மாட்டேங்குது. ஒரு தடவை கேனோட கீழே போட்டுட்டேன். அதுல இருந்து முன்னால கனத்தைக் குறைச்சுக்கிட்டேன். இதுல என்ன தப்பு?"

"இந்தப் பம்ப் பெட்ரோல்ல முழுகிக் கிடந்தாத்தான் சூடு தணியும் அத்தான். நீங்க அதைத் தினமும் வெறும் வயித்தோட வெயில்ல ஓட விட்டிருக்கீங்க. வெந்து போச்சு. முன்னால இருந்த பம்பும் இப்படித்தான் போயிருக்கும். நான் புதுசு போட்டாலும் அடுத்த வருஷம் இப்படித்தான் போகும்."

அவ்வளவையும் சொன்ன பிறகுதான், தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கே உறைத்தது. பாலத்தடிக்காரன் மேல் ஒரு குற்றமும் இல்லை. இத்தனை வருஷம் காத்திருந்து கைக்குக் கிடைத்த குற்றம், அவன் வாயாலேயே கரைந்துபோனது.

"அப்போ அவன் ஏமாத்தலையா?" என்றாள் அக்கா.

"அசல் பம்ப்தான்" என்றான் மெக்கானிக், யாரையும் பார்க்காமல்.

அதற்குள் ஊசிக்காரரின் கைபேசி அடித்தது. எடுத்து, "வந்துட்டே இருக்கேம்மா. மாட்டை நிழல்ல கட்டு, தண்ணி காட்டு" என்றார். அந்தப் பக்கமிருந்து சூளைக்காரம்மா, "வந்துட்டே இருக்கேன்னு போன தடவையும் இதே மாதிரிதான் சொன்னீங்க" என்றது கடை முழுக்கக் கேட்டது. பின்னால் மாடு வேறு கத்தியது.

மெக்கானிக் உதிரிபாகக் கடைக்கு ஓடினான். பம்ப் இருந்தது. தட்டுக்கும் டேங்குக்கும் நடுவில் போடுகிற ரப்பர் வளையம் இல்லை.

"வளையம் நேத்துவரைக்கும் இருந்தது. பாலத்தடிக்காரர் வந்து மொத்தமா எடுத்துட்டுப் போனார். அவர்கிட்ட ஒண்ணு கேட்டு வாங்கிக்கோங்களேன்" என்றார் கடைக்காரர்.

"தேவையில்லே. பழசே போதும்" என்றான் மெக்கானிக்.

போதாது என்று அவனுக்குத் தெரியும். பெட்ரோலில் ஊறிய வளையம் ஊதிப்போய் இருக்கும், பழைய பள்ளத்தில் சரியாக உட்காராது. வேறு யாராவது அப்படிப் போட்டிருந்தால் அவனே கிழித்துத் தோரணம் கட்டியிருப்பான். ஆனால் பாலத்தடிக்காரனிடம் போய்க் கை நீட்டுவதா? டேங்கின் உள்ளே துருவை அலசி ஊற்றினான். புதுப் பம்பை மாட்டினான். பழைய வளையத்தை விரலால் அமுக்கி அமுக்கிப் பள்ளத்துக்குள் அடக்கி, போல்ட்டுகளை முடுக்கி, டேங்கை ஏற்றி, பாதி வரைக்கும் பெட்ரோல் ஊற்றிச் சாவியைத் திருப்பினான். 'ஙொய்ங்' என்று புதுப் பம்ப் நன்றாகவே பாடியது. கூடவே பெட்ரோல் வாடை அடித்தது. டேங்கின் அடியில் ஒரு சொட்டு திரண்டு, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தரையில் விழுந்தது. அடுத்த சொட்டு யோசிக்கவில்லை.

சாவியை அணைத்தான். வெயில் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விட்டிருந்தது.

"பரவாயில்லே மச்சான். மெதுவாவே பாரு" என்றார் ஊசிக்காரர்.

அந்த வார்த்தைதான் மெக்கானிக்கைச் சுட்டது. இந்த மனுஷன் யாரிடமாவது பரவாயில்லை என்று சொல்லி அவன் கேட்டதே இல்லை.

"பாலத்தடிக் கடையில இப்படி ஒழுகியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"அதை விடு."

"சொல்லுங்க அத்தான்."

"அவனையா? கண்ணை எங்கேடா வச்சுக்கிட்டு மாட்டினே, பழைய ரப்பரைப் போட்டு என்னைக் கொளுத்தப் பார்க்கிறியா, எங்கேயாவது போய் மாடு மேயின்னு கேட்டிருப்பேன்."

"அதை எனக்குச் சொல்லுங்க."

"உனக்கு எப்படிச் சொல்றது?" ஊசிக்காரரின் குரல் அந்தக் கடைக்குள் முதல் தடவையாக உயர்ந்தது. "நீ எங்கிட்டே கூலி வாங்குவியா? மாட்டே. அக்கா வீட்டு வண்டின்னு சும்மா செஞ்சு குடுப்பே. சும்மா செஞ்சவன்கிட்ட வேலை சரியில்லேன்னு எந்த வாயால சண்டை போடறது? போட்டா இவ ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவா. எனக்கு இந்த வண்டிதான் பொழப்பு. வண்டி செய்யறவன் எவனோ, அவன்கிட்ட சண்டை போட எனக்கு உரிமை வேணும். அதனாலதான் இங்கே வரலே. உன் வேலையைக் குறைவா நினைச்சு இல்லே."

மெக்கானிக் கையிலிருந்த துணியைத் திருப்பித் திருப்பி மடித்தான். இவ்வளவுதானா விஷயம்? இதற்காகவா இத்தனை வருஷம் காலையில் அந்த ஹாரன் சத்தத்தில் வயிறு எரிந்தது?

"அக்கா, நீ மூஞ்சியைத் தூக்குவியா?"

"அவர் உன்னைத் திட்டினா எனக்கென்ன? வீட்டுல என்னைத் திட்டறது கொஞ்சம் குறையும்" என்றாள் அக்கா.

"அப்போ கூலியை வாங்கிக்கறேன். இப்போ திட்டுங்க."

ஊசிக்காரர் தொண்டையைச் செருமினார். பிறகு திட்டினார். மெக்கானிக்கின் கண்ணில் தொடங்கி, கையை விசாரித்து, அவன் தொழில் கற்ற இடம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். பஞ்சர் கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று கேட்டார்.

"முடிஞ்சுதா? புது வளையம் பாலத்தடியிலதான் இருக்கு. யாராவது ஒருத்தர் போயாகணும்" என்றான் மெக்கானிக்.

"நான் போறேன். உங்க ரெண்டு பேரையும் அனுப்பினா வளையத்துக்குப் பதிலா அடிதான் வாங்கிட்டு வருவீங்க" என்று பஞ்சர் கடைக்காரர் சைக்கிளை எடுத்தார்.

அவர் போய் வருவதற்குள் மெக்கானிக் மறுபடியும் பெட்ரோலை இறக்கி, டேங்கைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தான். கைக்கு வேலை இருந்ததால் வண்டியின் பின்பக்கத்தையும் பார்த்தான். குலுங்காமல் இருக்கட்டும் என்று கூண்டுக்கு அடியில் ஒரு தடிமனான பலகையும் அதன் மேல் டயர்த் துண்டுகளும் வைத்திருந்தார் ஊசிக்காரர். அதனால் கேன் வண்டியின் தலைக்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. மெக்கானிக் பலகையை உருவி எறிந்தான். டியூபை மடித்து மெத்தை போலப் போட்டு, கூண்டை ஒரு சாண் கீழே இறக்கி முடுக்கினான்.

பஞ்சர் கடைக்காரர் வளையத்தோடு வந்தார். "யார் வண்டிக்குன்னு கேட்டார். சொன்னேன். உள்ளே போய் எடுத்துட்டு வந்து குடுத்தார். ஒரு வார்த்தை பேசலே."

புது வளையம் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. மெக்கானிக் இந்தத் தடவை அவசரப்படவில்லை. போல்ட்டுகளைக் குறுக்காக, ஒவ்வொன்றாக, ஒரே அளவுக்கு முடுக்கினான். டேங்க் ஏறியது, பாதிக்குப் பெட்ரோல் ஏறியது. சாவியைத் திருப்பி அணைத்துத் திருப்பி அணைத்துக் குழாயில் அழுத்தம் ஏற்றினான். அடியில் காகிதத்தை வைத்துத் துடைத்துப் பார்த்தான். காகிதம் காய்ந்தே வந்தது. ஸ்டார்ட் ஆனது. சூடேறுகிற வரைக்கும் ஓடவிட்டு, ஆக்சிலேட்டரை முறுக்கிப் பார்த்தான். மறுபடியும் மாட்டிய அழுத்தமானியின் முள் சரியான இடத்தில் அசையாமல் நின்றது. அதைக் கழற்றினான்.

"ஏறி உட்காருங்க. சாய்ச்சு நிமிர்த்துங்க."

ஊசிக்காரர் சாய்த்தார், நிமிர்த்தினார். இன்னொரு தடவை செய்தார். "கனம் கொஞ்சம் கூடத்தான் செய்யுது. ஆனா ஆட மாட்டேங்குது" என்றார்.

"பாதிக்குக் கீழே இறங்கிச்சுன்னா பம்ப் மறுபடியும் வேகும். அப்போ நான் திட்டுவேன்."

"திட்டு, திட்டு" என்றார் ஊசிக்காரர். குதிகாலால் கியரை அமுக்கினார். வண்டி தெருமுனை திரும்பி மேட்டில் ஏறுகிற சத்தத்தை மெக்கானிக் காதைக் கூர்மையாக்கிக் கேட்டான். சத்தம் ஒரே சீராகப் போய் மறைந்தது.

அதன் பிறகு அவனுக்கு வேலை ஓடவில்லை. இருக்கிற ஸ்பேனர்களை எல்லாம் துடைத்து அடுக்கினான், கலைத்து மறுபடியும் அடுக்கினான். அக்கா வீட்டுக்குப் போகாமல் டயரின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். வெயில் சுவரின் உச்சிக்கு ஏறி மங்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது.

"போட்டாச்சு. சரியான நேரம். மாடு அசையாம நின்னுது, தங்கம்" என்றார் ஊசிக்காரர். குரல் தாழ்ந்தே இருந்தது, தொழுவத்துக்குள் நின்று பேசுகிறார் போல. "வண்டி வழியில நிக்கலே. செயலாளருக்கும் சொல்லிட்டேன், ரவுண்டு எங்கிட்டேதான்."

மெக்கானிக் அக்காவைப் பார்த்துத் தலையாட்டினான். அவள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

"சரி அத்தான், வைக்கட்டுமா?"

"இரு. ஒரு வேலை இருக்கு உனக்கு." அவர் மாட்டைத் தட்டிக்கொடுக்கிற சத்தம் கேட்டது. "அந்த வெந்து போன பம்பைத் தூக்கிப் போட்டுடாதே. அதை எடுத்துக்கிட்டு பாலத்தடிக்குப் போ. அன்னைக்கு நான் கத்தினப்போ இருந்தவங்க மாதிரி நாலு பேர் இருக்கும்போது போ. டேங்குக்குள்ளே என்ன பார்த்தேன்னு சொல்லு. உன் பம்ப் அசல், உன் வேலையும் சரி, தப்பு எங்க அத்தான் மேலன்னு சொல்லு. நான் போய்ச் சொன்னா மன்னிப்புக் கேட்க வந்திருக்கான்னு நினைச்சுக்குவாங்க. உனக்கும் அவனுக்கும் ஆகாதுன்னு எல்லாருக்கும் தெரியும். நீ சொன்னாத்தான் நம்புவாங்க. இன்னைக்கே போயிட்டு வா, மச்சான்."